அந்த முதல் பத்து நிமிடத்தில் கை வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கும் என் பேரனுக்கும் பெரிய வாக்குவாதம். சொத்து விஷயமோ படிப்பு விஷயமோ இல்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் முதல் பத்து நிமிடம் தேவையா, இல்லையா என்பதுதான் வழக்கு. அவன் தேவையில்லை என்கிறான். நான் அதுதான் விளையாட்டே என்கிறேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "ரெண்டு பேருக்கும் வேற சோலியே இல்லையா?" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

72 வயதில் இது என்ன கூத்து என்று நீங்கள் நினைக்கலாம். காலை நடைக்கு வரும் நண்பர்கள் ஏற்கெனவே கேட்டுச் சிரித்தாகிவிட்டது. பரவாயில்லை. நான் 34 வருடம் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் குப்பை கொட்டியவன். பேரன் சொன்ன ஒரு வார்த்தை என் தொழிலைத் தொட்டுவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் படிக்கலாம்.

2020 ஊரடங்கின்போது மகள் குடும்பம் எங்களோடு ஈரோட்டில் இருந்தது. பேரனுக்கு அப்போது 13 வயது. பள்ளிக்கூடம் இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். என்னதான் செய்கிறான் என்று பின்னால் போய் நின்றேன். திரையில் ஒருவன் ஆடு அறுத்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். "இது என்ன கண்ணு, விவசாயப் பாடமா?" என்றேன். "இல்லீங்க அப்புச்சி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்" என்றான். அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் அது. 1999-இல் முதலில் வந்தது. 20 வருடம் கழித்து, 2019-இல், புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள்.

விளையாட்டு இதுதான். ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு ஊர்மன்றம் இருக்கும். அதை டவுன் சென்டர் என்பார்கள். மூன்று குடியானவர்கள், வேவு பார்க்க ஒரு குதிரைக்காரன். கையிருப்பு 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். சுற்றிலும் ஆடுகள், காட்டுப்பன்றி, மான், பழப்புதர்கள், காடு. குடியானவர்களை அனுப்பி இவற்றைச் சேகரிக்க வேண்டும். சேகரித்ததைக் கொண்டு இன்னும் குடியானவர்களை உண்டாக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், அடுத்த காலத்துக்கு முன்னேற வேண்டும், படை திரட்ட வேண்டும். எதிராளியும் அவன் மூலையில் இதையேதான் செய்துகொண்டிருப்பான். கடைசியில் இருவரும் மோதுவார்கள். மோதல்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். பேரன் கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் மடிக்கணினியிலும் நான் என் பழைய கணினியிலும் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவோம். போன வாரம் வந்தவன், "அப்புச்சி, முதல் பத்து நிமிஷம் சும்மா ஆடு மேய்க்கறதுதானுங்க. எல்லாருக்கும் போரடிக்குது. இன்னைக்கு எம்பயர் வார்ஸ் ஆடலாங்க. நேரா சண்டைதான்" என்றான்.

எம்பயர் வார்ஸ் என்பது அதே விளையாட்டில் பிற்பாடு சேர்த்த ஒரு முறை. அதில் ஆடு மேய்க்க வேண்டாம். ஆட்டம் தொடங்கும்போதே நீங்கள் இரண்டாம் காலத்தில் இருப்பீர்கள். ஃபியூடல் ஏஜ் என்பது அதன் பெயர். குடியானவர்கள் ஒரு பட்டாளமே தயாராக இருப்பார்கள். மரம் வெட்டுகிறவன் மரத்தடியில் நிற்பான், வயலில் இருப்பவன் வயலில் நிற்பான். எல்லாம் யாரோ ஒருவர் முன்பே பங்கு போட்டு வைத்தாகிவிட்டது. பெரிய பரிசுப் போட்டிகள்கூட இந்த முறையில் நடந்திருக்கின்றன.

இது ஒரு விளையாட்டோடு நிற்கவும் இல்லை. ஸ்டார்கிராஃப்ட் என்று இன்னொரு புகழ்பெற்ற விளையாட்டு. 1998-இல் வந்தபோது 4 வேலையாட்களோடு தொடங்க வேண்டும். 2010-இல் இரண்டாம் பாகம் வந்தபோது 6 பேர். 2015-இல் அதன் கடைசி விரிவாக்கம் வந்தபோது 12 பேர். காரணம் இதேதான்: ஆரம்பம் மெதுவாக இருக்கிறது, சீக்கிரம் சண்டைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் கணக்கில் போனால் நாளைக்குச் சோறு வடித்து, குழம்பு ஊற்றி, பிசைந்து, வாயிலும் ஊட்டிவிடுவார்கள் போலிருக்கிறது.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். ஆரம்பத்தில் சேகரிப்பது விளையாட்டின் முன்னுரை அல்ல. எவ்வளவு சேர்ப்பது, எதில் சேர்ப்பது, எப்போது செலவழிப்பது என்று நிறுத்துப் பார்ப்பதுதான் விளையாட்டு. பின்னால் வரும் சண்டை, முன்னால் எழுதிய கணக்கை வாசித்துக் காட்டுவது மட்டும்தான்.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

ஒரு குடியானவனை உண்டாக்க 50 உணவு வேண்டும். விளையாட்டுக் கடிகாரப்படி 25 விநாடி ஆகும். ஊர்மன்றம் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் உண்டாக்கும். ஆக, அது நிற்காமல் ஓட விநாடிக்கு 2 உணவு தேவை. ஆடு அறுத்து உணவு சேர்க்கும் ஒரு குடியானவன் விநாடிக்குச் சுமார் 0.33 உணவு கொண்டுவருவான். இரண்டைப் புள்ளி முப்பத்து மூன்றால் வகுத்துப் பாருங்கள். 6 வருகிறது. நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் முதல் ஆறு பேரை ஆட்டுக்கு அனுப்புவது இதனால்தான். ஐந்து பேர் என்றால் ஊர்மன்றம் அவ்வப்போது பசியில் நிற்கும். எட்டுப் பேர் என்றால் உணவு குவியும், மரம் இருக்காது. மரம் இல்லாவிட்டால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் அடுத்தவன் பிறக்க இடமில்லை.

வீட்டுக் கணக்கு அதைவிடக் கறார். ஊர்மன்றம் 5 பேருக்குத்தான் இடம் கொடுக்கும். நீங்கள் தொடங்கும்போதே 4 பேர். முதல் 25 விநாடியில் ஐந்தாவது ஆள் வந்துவிடுவான். அதற்குள் 25 மரம் செலவழித்து வீடு கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் உற்பத்தி நின்றுவிடும். திரையில் யாரும் சாகவில்லை, எதுவும் எரியவில்லை. ஆனால் நீங்கள் தோற்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

மிகைப்படுத்தவில்லை. ஊர்மன்றம் 100 விநாடி சும்மா இருந்தது என்று வையுங்கள். நான்கு குடியானவர்கள் குறைவு. நான்கு பேர் நிமிடத்துக்குச் சுமார் 80 உணவு கொண்டுவந்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் 800. மூன்றாம் காலமான காசில் ஏஜுக்குப் போக 800 உணவும் 200 தங்கமும் வேண்டும். அதாவது ஆரம்பத்தில் அசந்த ஒன்றரை நிமிடம், பின்னால் ஒரு காலத்தின் முழு உணவுச் செலவையும் விழுங்கிவிடுகிறது. நடுவில் சண்டையில் நான்கு வில்லாளிகள் செத்தால் பேரன் "ஐயோ" என்று கத்துவான். பிறக்காமல் போன நான்கு குடியானவர்களுக்காக யாரும் கத்துவதில்லை.

இங்கேதான் என் தொழில் வருகிறது.

நூற்பாலையில் ரிங் டிராவலர் என்று ஒரு சாமான் உண்டு. நகத்தளவு கம்பி வளையம். நூற்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு கதிருக்கும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். அது ஸ்டோர்ஸில் தீர்ந்துபோனால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் சும்மா நிற்கும். சரி, பயந்துகொண்டு இரண்டு வருடத்துக்கு வாங்கி அடுக்கினால்? முதலாளியின் பணம் அலமாரியில் தூங்கும், பஞ்சு வாங்கக் காசு இருக்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது, ஆர்டர் போட்டால் வர எத்தனை நாள், இரண்டையும் பெருக்கு, ஆபத்துக்குக் கொஞ்சம் சேர். சாமான் அந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் போடு. ரீஆர்டர் லெவல் என்பது இதுதான். 34 வருடம் பின் கார்டில் பென்சிலால் நான் எழுதிக்கொண்டிருந்தது இந்தக் கணக்கைத்தான். ஆறு பேரை ஆட்டுக்கு அனுப்பும் கணக்கும் இதுவேதான்.

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவில் ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்து, "ஸ்டோர்ஸ் என்பது உட்கார்ந்த இடத்து வேலை, சார் அதையும் ஒழுங்காகச் செய்தார்" என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே சால்வையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரவு சாப்பிடவில்லை. போன ஞாயிறு பேரன், "சும்மா ஆடு மேய்க்கறதுதானுங்க" என்று சொன்னபோது எனக்கு அந்த மைக்தான் ஞாபகம் வந்தது. அவன் குழந்தை. எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அந்த அதிகாரியும் நினைத்துச் சொல்லவில்லைதான்.

சரி, நியாயமாகப் பேசுவோம். எதிர்த்தரப்பு சொல்வதையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: நேரமில்லை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவன் ஒரு மணி நேரம் ஆட உட்காருகிறான். பத்து நிமிடம் ஆட்டோடு போனால் அவனுக்கு என்ன மிஞ்சும்? இது நியாயம்தான். அவனுக்காக எம்பயர் வார்ஸ் தனி வாசலாக இருக்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் தனி வாசலைத் தலைவாசல் ஆக்காதீர்கள். ஸ்டார்கிராஃப்டில் அதைத்தான் செய்தார்கள். 12 பேரோடு தொடங்குவதுதான் வழக்கமான ஆட்டம் என்று ஆகிவிட்டது. 4 பேரோடு தொடங்கும்போது, வேலையாள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு உடனே தாக்கப் போவதா, பொறுத்து வளர்வதா என்பது உயிர்போகும் முடிவு. 12 பேரோடு தொடங்கினால் அந்த முடிவின் பல படிகளை நமக்காக வேறு யாரோ ஏறிவிட்டார்கள்.

இரண்டாம் வாதம்: கைவேலை அலுப்பு. இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். 1999-இல் வந்த விளையாட்டில் வயல் தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவையும் நாமே போய் மறுபடி விதைக்க வேண்டும். 2000-இல் வந்த விரிவாக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வசதி செய்தார்கள். 2019 பதிப்பில் தானாகவே விதைத்துக்கொள்ளும்படி வைக்கலாம். வேவுக்காரனையும் தானாகச் சுற்றிவரச் சொல்லலாம். இதையெல்லாம் நான் வரவேற்கிறேன். என் மூட்டுவலிக் கைக்கு அது பெரிய உதவி. மில்லிலும் கடைசிக் காலத்தில் பின் கார்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கூட்டல் கழித்தலை அது செய்தது. எவ்வளவு வாங்குவது என்ற முடிவை நான்தான் செய்தேன். கைவேலையைக் குறைப்பது வேறு, முடிவெடுக்கும் வேலையைப் பிடுங்கிக்கொள்வது வேறு. 2005-இல் வந்த மூன்றாம் பாகத்தில் குடியானவர்கள் வெட்டிய மரத்தைச் சுமந்துகொண்டுபோய் இறக்க வேண்டியதே இல்லை, வெட்ட வெட்டக் கணக்கில் ஏறிவிடும். வசதிதான். ஆனால் இரண்டாம் பாகத்தில் ஒருவன் பத்துப் பத்தாகச் சுமந்து கொண்டுபோய் இறக்கியாக வேண்டும். காடு வெட்ட வெட்டப் பின்னால் போகும், நடை நீளும். 100 மரம் போட்டு இன்னொரு மரக்கிடங்கு இப்போதே கட்டுவதா, இன்னும் கொஞ்சம் நடக்கட்டுமா? இது சோம்பேறித்தனமாகத் தெரியும் ஒரு கேள்வி. ஸ்டோர்ஸை எந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் வைப்பது என்று ஒரு தடவையாவது தலையைப் பிய்த்துக்கொண்டவனுக்கு அதன் அருமை தெரியும்.

மூன்றாம் வாதம்தான் வலுவானது. பேரனும் இதைத்தான் கடைசியில் எடுத்தான். "எல்லாருமே ஒரே மாதிரிதானுங்க அப்புச்சி ஆடறாங்க. ஆறு பேர் ஆட்டுக்கு, அப்பறம் மூணு நாலு பேர் மரத்துக்கு, அடுத்தவன் பன்றிக்கு, அப்பறம் பழத்துக்கு. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறதுல என்ன முடிவு இருக்குதுங்க?"

உண்மைதான், வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் கேளுங்கள். சமையல் குறிப்பு எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான், ரசம் ஏன் வீட்டுக்கு வீடு மாறுகிறது? ஒவ்வொரு ஆட்டத்திலும் நிலம் புதிது. ஒரு தடவை பன்றி கூப்பிடு தூரத்தில் இருக்கும், இன்னொரு தடவை எதிராளியின் பக்கமாக ஒதுங்கி நிற்கும். பழப்புதர் ஊருக்குப் பின்னால் இருந்தால் பயமில்லை, முன்னால் இருந்தால் முதலில் வரும் குதிரைக்காரன் அங்கேதான் பாய்வான். நீங்கள் அசந்தால் உங்கள் ஆட்டை எதிராளியின் வேவுக்காரன் ஓட்டிக்கொண்டே போய்விடுவான். அறுத்த ஆட்டை அப்படியே போட்டால் கறி கெட்டுப்போய் உணவு குறைந்துகொண்டே வரும். ஆகவே ஒவ்வொன்றாகத்தான் அறுக்க வேண்டும். பன்றியில் 340 உணவு, ஆட்டில் 100. பன்றி லாபம், சேகரிப்பும் வேகம். ஆனால் அதை இழுத்துவரப் போகிறவன் கவனம் தப்பினால் செத்தான். மனப்பாடம் இந்த இடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் நிதானம்தான்.

அதுமட்டுமா? எப்போது அடுத்த காலத்துக்கு நகர்வது என்பதை எந்த மனப்பாடமும் சொல்லித்தராது. ஃபியூடல் ஏஜுக்கு 500 உணவு, 130 விநாடி. அந்த 130 விநாடியும் ஊர்மன்றத்தில் குடியானவன் பிறக்க மாட்டான். கிட்டத்தட்ட ஐந்து பேர் நஷ்டம். குதிரைப்படையோடு சீக்கிரம் தாக்குவதாக இருந்தால் 20 பேர் அளவில் நகர்வார்கள். வில்லாளி என்றால் 22 அளவில். சண்டையைத் தள்ளிப்போட்டு நேராக காசில் ஏஜ் போவதாக இருந்தால் 28 வரைகூடப் பொறுப்பார்கள். வேவுக்காரன் எதிராளியின் ஊரில் என்ன பார்த்தான் என்பதை வைத்து இதை மாற்ற வேண்டும். இதைவிடப் பெரிய முடிவு சண்டையில் எங்கே இருக்கிறது?

22 பேர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 22-இல் வேவுக்காரன் ஒருவன், மீதி 21 குடியானவர்கள். மூன்று பேர் முதலிலேயே உண்டு. 18 பேரை உண்டாக்க 450 விநாடி. குடியானவர்களுக்குத் தெம்பு கொடுக்கும் தறி ஆராய்ச்சிக்கு இன்னொரு 25. மொத்தம் 475 விநாடி. ஏழு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. அதோடு 130-ஐக் கூட்டினால் பத்து நிமிடம் ஐந்து விநாடி. ஒரு நொடிகூட வீணாக்காதவன் இந்த நேரத்தில் ஃபியூடல் ஏஜில் இருப்பான். உணவுச் செலவு 18 பேருக்கு 900, நகர்வதற்கு 500. கையிருப்பு 200-ஐக் கழித்தால் எட்டு நிமிடத்துக்குள் 1,200 உணவு சேர்த்திருக்க வேண்டும். அதே நேரம் வீட்டுக்கு, மரக்கிடங்குக்கு, ஆலைக்கு, படைக்கொட்டிலுக்கு மரம். எதிலும் மிஞ்சவும் கூடாது, எதிலும் குறையவும் கூடாது. இதைச் 'சும்மா' என்கிறார்கள்.

இன்னொன்று. நாகரிகங்களுக்கு இடையே உள்ள சமநிலையே இந்த ஆரம்பத்தில்தான் இருக்கிறது. சீனர்களுக்கு மூன்று குடியானவர்கள் அதிகம், ஆனால் நான் ஆடும் பதிப்பில் உணவு கையிருப்பு பூஜ்யம். ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே ஆடு தேடி ஓட வேண்டும். ஹூணர்களுக்கு வீடே வேண்டாம், ஆனால் தொடக்கத்தில் 100 மரம் குறைவு. 2022-இல் திராவிடர்களையும் சேர்த்தார்கள். நம் ஆட்களுக்கு ஒவ்வொரு காலம் முன்னேறும்போதும் 200 மரம் இனாம். அந்த 200 எப்போது வரும் என்று தெரிந்தால், அதற்கு முன் மரத்தில் ஆள் குறைத்து உணவில் போடலாமா என்று யோசிப்பீர்கள். ஆரம்பத்தை வெட்டி எல்லோருக்கும் தயார்ச் சாப்பாடு கொடுத்துவிட்டால், சீனனுக்கும் ஹூணனுக்கும் திராவிடனுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, வேட்டியின் கரை மட்டும்தான்.

என் தரப்பைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். அந்தக் குட்டு முதலில் என் தலைக்குத்தான்.

நம் வயதுக்காரர்களுக்குச் சேர்த்து வைத்தால் பத்திரம் என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறியது. நான் ஆட ஆரம்பித்த புதிதில், மேலே உணவு 900, மரம் 700 என்று காட்டினால் மனதுக்கு நிறைவாக இருக்கும். பாஸ்புக்கைப் பார்ப்பது போல. அதே ஆட்டத்தில் கம்ப்யூட்டர் என்னை உதைத்து அனுப்பும். எனக்குப் புரியவே இல்லை. 13 வயதுப் பயல்தான் சொன்னான்: "அப்புச்சி, இங்க போட்டு வெச்சா வட்டி வராதுங்க."

ஸ்டோர்ஸில் ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை எனக்கு அவன் சொன்னான். ஆனால் கவனியுங்கள், 900 உணவு கிடந்தது என்றால் தப்பு செலவழிக்காததில் மட்டும் இல்லை. ஊர்மன்றம் எப்படியும் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் உண்டாக்கும். அத்தனை பேரை உணவில் போட்டதே தப்பு. அவர்களில் நான்கு பேர் எப்போதோ மரத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒன்றில் குவிந்திருக்கிறது என்றால் இன்னொன்றில் பஞ்சம் என்று அர்த்தம். இந்தப் பாடத்தை அவன் கற்றுக்கொண்டது எங்கே? அவனே இப்போது வெட்டச் சொல்கிற அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அதை அவனுக்கு நான் எடுத்துச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "முதல் தேதி சம்பளத்தைக் கையில குடுத்துட்டு நீங்க மில்லுக்குப் போயிடுவீங்க. அரிசி வாங்கி, பருப்பு வாங்கி, புள்ளைக்குப் பீஸ் கட்டி, முப்பதாந்தேதி வரைக்கும் ஓட்டறதுக்கு யாரு பாராட்டு விழா வெச்சாங்க?" என்றாள். எனக்கு ஒரு சால்வையாவது கிடைத்தது. அவளுக்கு அதுவும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. பேரன் மட்டும், "அம்மாயி, நீங்க ஆடினா எங்க ரெண்டு பேரையும் ஜெயிச்சிருவீங்க" என்றான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுத் தயாரிப்பவர்கள் கைவேலையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கட்டும். ஆரம்பக் கையிருப்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்கட்டும். அவசரக்காரர்களுக்கு வேறு முறைகள் இருக்கட்டும். ஆனால் மூன்று ஆளும் இருநூறு உணவுமாகத் தொடங்கி, எதை எதற்கு என்று தானே பங்கு போடும் அந்தப் பத்து நிமிடம் வழக்கமான ஆட்டமாக இருக்க வேண்டும். அலுப்பு என்று சொல்கிறவர்களில் பலர் ஊர்மன்றத்தை நிற்கவிட்டுவிட்டுத்தான் அலுத்துக்கொள்கிறார்கள். நிற்காமல் ஓட்டிப் பாருங்கள், அலுக்க நேரம் இருக்காது.

வாசகர்களில் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பேரனோ பேத்தியோ இந்த மாதிரி விளையாட்டு ஆடினால், சண்டை வரும்போது எட்டிப் பார்த்து "இதென்ன அடிதடி" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஆரம்பத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன் கண்ணு இவனை மரத்துக்கு அனுப்பினே?" என்று கேளுங்கள். குடும்பம் நடத்திய அனுபவம் உள்ள உங்களுக்கு அவன் சொல்லும் பதில் நன்றாகவே புரியும்.

கடைசியில் போன ஞாயிறு என்ன ஆடினோம் என்று கேட்பீர்கள். ஒரு எம்பயர் வார்ஸ், ஒரு பழைய ஆட்டம் என்று சமாதானம் ஆயிற்று. இரண்டிலும் நான் தோற்றேன். முதல் ஆட்டத்தில் ஏன் தோற்றேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டாவதில் தெரியும். ஆறாவது நிமிடத்தில் பன்றியைப் பார்த்துக்கொண்டே வீடு கட்ட மறந்துவிட்டேன். ஃபியூடல் ஏஜ் போகப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. அவன் வில்லாளிகள் வந்தபோது என்னிடம் ஒரு ஈட்டிக்காரன்கூட இல்லை.

வரும் ஞாயிறு மறுபடி வருகிறேன் என்றிருக்கிறான். பழைய ஆட்டம்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீடு கட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.